அந்த ஊதா சங்கு கடலடியில இருந்து வந்தது இல்ல

கேள்வி கேட்டவங்க சொன்னது இதுதான். திருவான்மியூர் பீச்ல காலையில நடக்கப் போனப்ப அவங்க பொண்ணு ஊதா கலர்ல ஒரு சங்கு எடுத்திருக்கா. ஓடு பேப்பர் கணக்கா லேசா இருந்துச்சாம், வாய்ப் பக்கம் வெள்ளையா நுரை மாதிரி ஏதோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம், கொஞ்ச நேரத்துல குழந்தை கை பூரா ஊதா கறை. இது என்ன, விஷமா, உள்ள உயிர் இருந்தா திரும்ப கடல்ல விட்டா பிழைச்சுக்குமா, அந்தக் காலத்து ராஜாக்கள் துணிக்கு சாயம் எடுத்தது இதுலதானான்னு கேட்டிருக்காங்க. நாலும் நல்ல கேள்வி, நாலுக்கும் சொல்றேன், ஆனா வரிசையா சொல்ல மாட்டேன், ஏன்னா இந்த உயிரைப் பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த வராது. பல வருஷமா கடல்வாழ் உயிரினங்கள் பாடம் எடுக்கறேன், வகுப்புல வேற எந்த சங்கைக் காட்டினாலும் வராத ஒரு அமைதி இதைக் காட்டினா வரும்.

முதல்ல பயத்தைப் போக்கிடறேன். சங்கால ஒண்ணும் ஆகாது. அந்த ஊதா தண்ணி, அதைத் தொந்தரவு பண்ணா அது விடற சாயம், அவ்வளவுதான். ஆனா கையைக் கழுவாம கண்ணைத் தேய்க்க விடாதீங்க. காரணம் சங்கு இல்ல, அது சாப்பிடற சாப்பாடு, அதுக்கு வரேன்.

பேரு ஜாந்தினா ஜாந்தினா. உயிரினங்களை வகைப்படுத்திப் பேர் வெச்ச லின்னேயஸ் 1758-லயே பேர் வெச்சுட்டாரு, அப்ப பலவகை நத்தைகளை ஹெலிக்ஸ்ங்கற ஒரே பெட்டியில போட்டு வெச்சிருந்தாங்க, அதனால ஹெலிக்ஸ் ஜாந்தினான்னு வெச்சாரு, பின்னாடி தனியா பிரிச்சாங்க. கிரேக்கத்துல அந்த வார்த்தைக்கு ஊதா நிறம்னுதான் அர்த்தம். நம்ம இந்தியப் பெருங்கடல், பசிபிக், அட்லாண்டிக்னு உலகத்துல வெதுவெதுப்பான கடல் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் இருக்கு. பெருசா வளர்ந்தா நாலு சென்டிமீட்டர் வரைக்கும் வரும். இப்படி உலகம் பூரா இருந்தும் பெரும்பாலானவங்க உயிரோட பார்த்ததே இல்ல, ஏன்னா இது கரையோரத்துல வாழறது இல்ல, பாறையில இல்ல, மணல்ல இல்ல, பவளத்துல இல்ல. நடுக்கடல்ல, தண்ணியோட மேல்பரப்புல, தலைகீழா தொங்கிக்கிட்டு வாழ்ந்து அப்படியே முடிஞ்சு போகுது. நாம சங்குன்னாலே முத்துக்குளிக்கறவங்க அடியில மூழ்கி எடுக்கறதுதான்னு நினைப்போம். இதுக்கு அடின்னு ஒண்ணு கிடையாது. அடிக்குப் போச்சுன்னா செத்துடும்.

உங்க பொண்ணு பார்த்த அந்த நுரைதான் இதோட மொத்த வாழ்க்கையும். அது அலை அடிச்சு ஒட்டின நுரை இல்ல, நத்தை தானே கட்டினது. நான் இதை ஒரே ஒரு தடவை நேர்ல பார்த்திருக்கேன். கொண்டல் காத்து ரெண்டு மூணு நாள் விடாம அடிச்சிருந்துச்சு, விடியக்காலையில அலை வந்து போற கோட்டோரமா நாலஞ்சு ஜாந்தினா கிடந்துச்சு, ரெண்டுல உயிர் இருந்துச்சு. வாளியில கடல் தண்ணி மொண்டு அதுல விட்டேன். ஒண்ணுக்கு நுரை பாதி கிழிஞ்சு போயிருந்துச்சு ஆனா மிதந்துச்சு. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு காலோட முன்பக்கத்தை தண்ணிக்கு மேல நீட்டுச்சு. கால்னு சொல்றது நத்தை ஊர்ந்து போற அந்த சதை. நீட்டி, நாம உள்ளங்கையைக் குவிச்சு தண்ணி அள்ளற மாதிரி குவிச்சு, தண்ணிக்கு பதிலா காத்தை அள்ளுச்சு. அப்படியே மூடி, உள்ள சளி பூசி, கீழ வளைச்சுக் கொண்டுவந்து பழைய நுரையோட ஓரத்துல வெச்சு அழுத்திப் பிடிச்சுக்கிச்சு. காலை எடுத்தப்ப அங்க புதுசா ஒரு குமிழ் இருந்துச்சு. மறுபடி காலை நீட்டுச்சு. இப்படி ஒண்ணொண்ணா. அந்த சளி இறுகினா செலோபேன் தாள் மாதிரி ஆயிடும், விரலால தொட்டா சோப்பு நுரை மாதிரி உடையாது, கொஞ்சம் மொறமொறன்னு இருக்கும், பார்சல்ல சுத்தி வர்ற பப்பிள் ரேப் ஞாபகம் வரும்.

இன்னொண்ணுக்கு நுரை முழுசா கழண்டு போயிருந்துச்சு. அது வாளி அடிக்குப் போயிடுச்சு. கீழ கிடந்து அதே மாதிரி காலை நீட்டி நீட்டிக் குவிச்சுது, ஆனா அங்க அள்ள காத்து ஏது, தண்ணிதான் இருக்கு. நீந்தவும் தெரியாது, வாளிச் சுவத்துல ஊர்ந்து மேல ஏறி வரவும் அதுக்கு வரல. கையால எடுத்து மேல பிடிச்சுப் பார்த்தேன், அதுக்குள்ள ரொம்ப சோர்ந்து போச்சு. அன்னைக்குப் புரிஞ்சுது, புத்தகத்துல “மிதவையை இழந்தால் மூழ்கி இறக்கும்”னு ஒரு வரியில படிச்சது என்னன்னு.

இப்ப அந்தக் கலரைக் கவனிங்க. சங்கை மேசை மேல கூர்முனை மேல இருக்கற மாதிரி வெச்சா மேல வெளிறின லாவண்டர், கீழ வாய்ப் பக்கம் நல்ல அடர்த்தியான ஊதா. இது ஏன் இப்படின்னா, நாம தப்பா வெச்சிருக்கோம். கடல்ல அது நுரையைப் பிடிச்சுக்கிட்டு தலைகீழா தொங்குது, அதனால அடர்த்தியான பக்கம் வானத்தைப் பார்த்து இருக்கும், வெளிறின பக்கம் ஆழத்தைப் பார்த்து இருக்கும். மத்தி, வஞ்சிரம், சூரை எதை வேணாலும் எடுத்துப் பாருங்க, முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேல இருந்து பார்க்கற பறவைக்கு கடல் நிறத்தோட கலந்துடும், கீழ இருந்து பார்க்கற மீனுக்கு வெளிச்சத்தோட கலந்துடும். அதே கணக்குதான், ஆனா தலைகீழா வாழற உயிருக்கு கலரும் தலைகீழா வந்திருக்கு. ஓடு இவ்வளவு மெலிசா இருக்கறதும் அதனாலதான், கனமான ஓட்டைத் தூக்கிப் பிடிக்க எவ்வளவு குமிழ் கட்டணும். மத்த நத்தைகளுக்கு ஓட்டு வாயை அடைச்சுக்க ஒரு மூடி இருக்கும்ல, வளர்ந்த ஜாந்தினாவுக்கு அதுவும் கிடையாது. கண்ணும் கிடையாது.

கண்ணு இல்ல, நீந்த வராது, திரும்பவும் வராது, காத்தும் நீரோட்டமும் எங்க தள்ளுதோ அங்க போகணும். அப்ப சாப்பாடு எப்படி? இங்கதான் விஷயம். இது சாப்பிடறதும் இதே மாதிரி மிதக்கறதுகளைத்தான், அதுகளையும் அதே காத்துதான் தள்ளுது. நீல பட்டன்னு சொல்றோம்ல, போர்பிட்டா, ஒரு ரூபா காசு மாதிரி வட்டமா, சுத்திவர நீல நூல் தொங்க, சில மாசங்கள்ல நம்ம பீச்லயே கொத்துக்கொத்தா ஒதுங்குமே, அது. அப்புறம் மேல சின்னதா பாய் விரிச்ச படகு மாதிரி இருக்கற வெலெல்லா. அப்புறம் ஃபைசேலியா, ஊதின நீல பலூன் மாதிரி மிதந்து கீழ நீளமா விழுது விடுமே, போர்த்துகீசிய போர்க்கப்பல்னு இங்கிலீஷ்காரங்க பேர் வெச்சது. மீனவங்ககிட்ட கேட்டா எல்லாத்தையும் பொதுவா சொறின்னுதான் சொல்வாங்க, பட்டா என்ன ஆகும்னு அந்தப் பேர்லயே இருக்கு. மனுஷனையே துடிக்க வைக்கற கொட்டு முள் இருக்கற உயிரை இந்த சின்ன நத்தை மோதின இடத்துலயே பிடிச்சு, கொக்கி கொக்கியா இருக்கற பல் வரிசையால சதையைக் கிழிச்சு சாப்பிட்டுடும். வெலெல்லாவை முடிச்சதுக்கு அப்புறம் பார்த்தா கண்ணாடி மாதிரி அந்த வெறும் தட்டும் பாயும் மட்டும் மிதக்கும். மோதினா விருந்து, மோதலன்னா பட்டினி, பக்கத்துல இன்னொரு ஜாந்தினா மாட்டினா அதையே கடிக்கறதும் உண்டு.

இந்த மேல்பரப்புல இப்படி ஒரு நீலக் கூட்டமே இருக்கு. நீல டிராகன்னு சொல்ற கிளாகஸ் அட்லாண்டிகஸ், ஓடில்லாத கடல் நத்தை, அதுவும் இதே சொறியைத்தான் தின்னும், அதுவும் தலைகீழாதான் மிதக்கும், அதுக்கும் வானத்தைப் பார்க்கற வயித்துப் பக்கம் நீலம், முதுகு வெள்ளி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சு ஓய்ஞ்சதுக்கு அப்புறம் பெசன்ட் நகர் பீச்ல ஒதுங்கினதுன்னு செய்தியில எல்லாம் வந்துச்சே, அதேதான். ஒரே இடத்துல, ஒரே சாப்பாட்டுக்கு, ரெண்டு வேற வேற நத்தை வம்சம் ஒரே முடிவுக்கு வந்திருக்கு. ஜாந்தினாவைத் தின்ன வர்றவங்களும் இருக்காங்க, வட பசிபிக் நடுக்கடல்ல திரியற பெருந்தலை ஆமைங்க வயித்துல ஆராய்ச்சிக்காரங்க பார்த்தப்ப ஜாந்தினா ஓடுதான் அத்தனை இருந்துச்சு.

சரி, ஒரு நத்தைக்கு நுரை கட்டணும்னு எப்படித் தோணுச்சு? அடியில ஊர்ந்துக்கிட்டு இருந்த ஒரு உயிர் எப்படி மேல வந்து தொங்குச்சு? பாதி நுரை கட்டினா மூழ்கிடுமே, அப்ப நடுவுல இருந்த தலைமுறைங்க எப்படி பிழைச்சுதுங்க? ரொம்ப நாள் இது விடை தெரியாம இருந்துச்சு. 2011-ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல சீலியா சர்ச்சிலும் கூட இருந்தவங்களும் டிஎன்ஏ வெச்சு இதுங்க சொந்தக்காரங்க யாருன்னு தேடினாங்க. எபிடோனியம் குடும்பம்னு வந்துச்சு. அது வெள்ளை வெளேர்னு, சுருள் மாடிப்படி மாதிரி வளையம் வளையமா இருக்குமே, சிப்பி சேர்க்கறவங்க வெறி பிடிச்சு தேடுவாங்க, அந்த சங்கு. கடலடியில பவளம், கடல் சாமந்தி பக்கத்துல ஒளிஞ்சு இருந்து அதுங்களைக் கடிச்சு உறிஞ்சி வாழறது. பவளம், கடல் சாமந்தி, சொறி எல்லாமே கொட்டற கூட்டம், ஒரே பெரிய குடும்பம். எபிடோனியத்துக்கும் தொந்தரவு பண்ணா ஊதா சாயம் வரும். அதாவது மேல வந்தும் சாப்பாடு மாறல, சாயமும் மாறல, இடம் மட்டும்தான் மாறிச்சு.

நுரைக்கு வழி எப்படி வந்துச்சுன்னா, முட்டையில இருந்து. எபிடோனியம் பெண் நத்தைங்க முட்டைப் பைகளை சளி நூல்ல கோத்து வைக்கும், சிலது அந்த முட்டைக் கொத்தோட தன்னையும் நூலால கட்டிக்கிட்டே இருக்கும். அந்த முட்டைக் கொத்துல காத்து சிக்கி மிதக்க ஆரம்பிச்சா, கூட கட்டியிருக்கற தாயும் மேல வந்துடும், மேல வந்தா அங்க சொறி சொறியா சாப்பாடு. அப்புறம் தலைமுறை தலைமுறையா முட்டைக்காக சுரந்த சளி மிதவைக்கான சளியா ஆயிடுச்சு. இதுக்கு சாட்சியா அவங்க காட்டினது ரெக்லூசியாங்கற இன்னொரு மிதக்கற நத்தை, பழுப்பு கலர், அபூர்வம், மியூசியத்துல பாதுகாத்து வெச்ச மாதிரிகள்ல தேடிப் பார்த்தாங்க. அதுல பெண்ணோட நுரையில முட்டையும் இருந்துச்சு, அதே நுரை மேல குட்டி நத்தைங்களும் ஒட்டிக்கிட்டு சவாரி பண்ணிக்கிட்டு இருந்துச்சு. முதல்ல மிதந்தது பெண் நத்தைங்கதான்னு அந்த கட்டுரைக்குத் தலைப்பே வெச்சாங்க. எனக்கு இந்த விஷயம் எவ்வளவு சொன்னாலும் அலுக்காது. பிள்ளைங்களுக்குப் பின்னின தொட்டில்ல தாயே ஏறி உட்கார்ந்து ஒரு புதுக் கடலுக்குப் போயிருக்கா.

இதுல இன்னொரு அழகு, இதே ஜாந்தினா வகையில வேற சிலது இன்னைக்கும் முட்டைப் பைகளை நுரைக்கு அடியில ஒட்டி வைக்கும், ரோஜா கலர்ல வரிசையா தொங்கும். ஆனா உங்க பொண்ணு எடுத்த இந்த ஜாந்தினா ஜாந்தினா அப்படி வைக்காது. முட்டையை உடம்புக்குள்ளயே வெச்சு பொரிச்சு, நீந்தற குஞ்சா கடல்ல விட்டுடும். நுரை முட்டையில இருந்து பிறந்துச்சு, இந்த இனத்துல முட்டை நுரையை விட்டுப் பிரிஞ்சுடுச்சு. இன்னும் கேளுங்க, எல்லாமே முதல்ல ஆணா இருக்கும், வளர்ந்ததும் பெண்ணா மாறும். ஆணுக்கு சேர உறுப்பு கிடையாது, நீந்திப் போய் துணை தேடவும் முடியாது, அதனால ஒரு பெரிய விந்தணு மேல சின்ன விந்தணுக்கள் ஆயிரக்கணக்குல ஒட்டிக்கிட்டு பஸ்ல போற மாதிரி தண்ணியில போய்ச் சேரும்.

இதை முதல்ல உத்துப் பார்த்து எழுதினவங்கள்ல ஒருத்தர் ஜோசஃப் பேங்க்ஸ்ங்கற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர். கேப்டன் குக்கோட எண்டெவர் கப்பல்ல 1768 அக்டோபர்ல அட்லாண்டிக்ல போறப்ப, காத்து ஓய்ஞ்ச நாள்ல சின்னப் படகுல இறங்கி மேல மிதக்கறதை எல்லாம் அள்ளிட்டு வருவாரு. அவர் நாட்குறிப்புல இந்த நத்தையையும் அதோட குமிழ்க் கொத்தையும் எழுதி வெச்சிருக்காரு, அந்தக் குமிழ்தான் மிதக்க வைக்குது, அதுவே முட்டைக்குக் கூடுன்னு. டிஎன்ஏவும் இல்ல, ஒண்ணும் இல்ல, படகுல குனிஞ்சு பார்த்தே பாதி விஷயத்தைப் பிடிச்சிருக்காரு.

ராஜாக்கள் சாயம் பத்தி கேட்டீங்க. இல்ல, அது வேற சங்கு. டைரியன் ஊதான்னு பேரு, மத்தியதரைக் கடல் ஓரத்துல கிடைக்கற மியூரெக்ஸ் குடும்பத்துச் சங்குகள்ல இருந்து எடுத்தது. லெபனான்ல சிடோன் ஊர்ல உடைச்சுப் போட்ட மியூரெக்ஸ் ஓடே ஒரு மேடு அளவுக்குக் கிடக்கு. 1909-ல பால் ஃபிரீட்லாண்டர்னு ஒரு வேதியியல்காரர் 12,000 சங்கை உடைச்சு 1.4 கிராம் சாயம்தான் எடுத்தாரு, அதை வெச்சுதான் அதுல என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. ஜாந்தினா எப்ப எங்க ஒதுங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதை நம்பி ஒரு சாயத் தொழில் நடந்திருக்கவும் முடியாது. ஊதா வருதேன்னு ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறவங்க அந்தக் காலத்துலயும் இருந்தாங்க, இப்பவும் நிறைய இடத்துல அப்படி எழுதறாங்க, நம்பாதீங்க.

ஒரு விஷயம் மனசுல கிடக்கு, அதையும் சொல்லிடறேன். இந்த உயிரை எந்தக் காத்து தள்ளுதோ அதே காத்துதான் பிளாஸ்டிக்கையும் தள்ளுது. வட பசிபிக்ல நீரோட்டம் சுழன்று குப்பை சேர்ற இடம் இருக்குல்ல, 2019-ல பெனுவா லெகோம்ட்னு ஒருத்தர் அதுக்குள்ள நீந்திப் போனாரு, கூட வந்த படகுல இருந்தவங்க வழி நெடுக மேல்தண்ணியில மிதக்கறதை சாம்பிளா எடுத்தாங்க. 2023-ல வெளியான ஆய்வுல பார்த்தா வெலெல்லா, போர்பிட்டா, ஜாந்தினா மூணுமே குப்பை அதிகமா இருக்கற இடத்துலதான் அதிகம். குப்பைக்காக இதுங்க அங்க போகல, மிதக்கறது எல்லாம் போய்ச் சேர்ற இடம் அதுதான், மனுஷன் பிளாஸ்டிக் செய்யறதுக்கு முன்னாடியே அது இதுங்க வீடா இருந்திருக்கும். அங்க போய் பெரிய வலை போட்டு பிளாஸ்டிக்கை வழிச்சு எடுக்கறோம்னு கிளம்பறப்ப இதுங்களும் சேர்ந்துதான் வரும். குப்பை கடலுக்குப் போறதுக்கு முன்னாடி, ஆத்து வாயிலயே நிறுத்தறதுதான் சரின்னு நான் உறுதியா நம்பறேன்.

திரும்ப விட்டா பிழைக்குமான்னு கேட்டீங்க. நுரை முழுசா இருந்து உயிரும் இருந்தா, படகுல போறவங்க யாராவது அலை உடையற இடத்தைத் தாண்டி மேல்தண்ணியில மெதுவா வெச்சா ஒரு வாய்ப்பு இருக்கு, அதுவும் காத்து திரும்பியிருக்கணும், இல்லன்னா சாயங்காலத்துக்குள்ள மறுபடி கரைக்கு வந்துடும். நுரை இல்லாததை அலையில வீசாதீங்க, அது நேரா அடிக்குத்தான் போகும். குழந்தைகிட்ட உண்மையைச் சொல்லுங்க, தாங்கிப்பாங்க.

அடுத்த தடவை தேடணும்னா, கடல் பக்கமிருந்து ரெண்டு மூணு நாள் காத்து அடிச்ச மறுநாள் விடியல்ல போங்க. முதல்ல நீல பட்டன் கிடக்குதான்னு பாருங்க, அது கிடந்தா இதுவும் இருக்க வாய்ப்பு உண்டு. செருப்பு போட்டுக்கோங்க, குழந்தைக்கும். நீல பலூன் ஒண்ணு கிடந்தா அது காஞ்சு கிடந்தாலும் தொடக்கூடாது, விழுது மணலுக்குள்ள தள்ளி நீண்டு கிடக்கும். பட்டுடுச்சுன்னா தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, கடல் தண்ணியால கழுவி, ஒட்டியிருக்கற நூலை இடுக்கியால எடுத்துட்டு, தாங்கற அளவு சுடுதண்ணி, 45 டிகிரி கிட்ட, அதுல 20 நிமிஷம் அந்த இடத்தை வைங்க. மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

சங்கை வீட்டுக்குக் கொண்டு போறதா இருந்தா, உள்ள ஒண்ணும் இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டு பஞ்சு வெச்ச டப்பாவுல போடுங்க, பையில சாவியோட போட்டா வீட்டுக்குப் போறப்ப தூள்தான் இருக்கும். வெயில் படற இடத்துல வெக்காதீங்க, நிறம் போயிடும். அலமாரியில வைக்கறப்ப கூர்முனை கீழ பார்க்கற மாதிரி, அடர்ந்த ஊதா மேல வர்ற மாதிரி பஞ்சுல பதிச்சு வைங்க. அது கடல்ல அப்படித்தான் இருந்துச்சு.